ஏறுகிற வண்டிக்கு வழி

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். தேர்வு அறையில் சட்டைக் கைக்குள் துண்டுச் சீட்டு வைத்திருந்த பையன்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். எழுபத்திரண்டாவது வயதில் நானே ஒரு போட்டியில் கள்ளத்தனம் செய்தேன். செய்தபோது கூச்சம் எதுவும் இருக்கவில்லை. ரசித்துத்தான் செய்தேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

போட்டி என்றால் விமானப் போட்டி. போடியில் விமானம் ஏது என்று கேட்க வேண்டாம், கணினியில் ஓட்டுவது. நிஜ விமானத்தில் உள்ள அத்தனை விசைகளும் அதில் உண்டு. திரைக்குள் நிஜ மலை, நிஜ சாலை. இணையத்தில் சேர்ந்துகொண்டால் வேறு ஊர்களில் இருப்பவர்களும் அதே வானத்தில் பறப்பார்கள், பறந்துகொண்டே பேசலாம். எங்கள் குழுவில் தமிழர்கள் நாற்பது பேர். கோவையில் ஒரு மில் இன்ஜினியர், மஸ்கட்டில் ஒரு நர்ஸம்மா, பினாங்கில் ஒரு பல் டாக்டர், இப்படி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போட்டி. அதை நடத்துவது என் பொறுப்பு. யார் எங்கிருந்து எப்போது புறப்படுவது, காற்று எவ்வளவு, புள்ளி எப்படி என்றெல்லாம் அறிவிப்பு எழுதுவேன். இரண்டு பக்கம் வரும். யாரும் முழுதாகப் படிப்பதில்லை. ஆனால் எல்லாரும் என்னை ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் என் ஓய்வுக்காலம் ஓடியது.

பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து ஒருவர் உண்டு. அந்தச் சிலமலைக்காரரை எங்கள் வானத்துக்குள் கூட்டி வந்தவன் நான்தான். எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது கண் ஆஸ்பத்திரி வராந்தாவில். இருவருக்கும் புரை எடுத்திருந்தார்கள். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த ஜீப். முப்பது வருடமாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்.

“சாருக்கு என்ன சோலி?”

“ரிட்டயர்டு. இப்ப ஏரோப்ளேன் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.”

கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சிலமலைக்காரர் அதைக் கழற்றிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

“இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா?”

விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார். என் மகள் விட்டுப்போன பழைய கணினி உள் அறையில் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்தேன். கூடத்தில் நான், உள் அறையில் அவர். நடுவில் ஒரு சுவர். பேசுவதென்னவோ ஹெட்போன் வழியாக, மஸ்கட்டும் பினாங்கும் கேட்க.

முதல் நாள் நாற்காலியில் துண்டை விரித்து, மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, ஆரன் எது?” அதற்குள் நான் அண்ணனாகியிருந்தேன்.

“விமானத்துல ஆரன் கிடையாது, தம்பி.”

“ஆரன் இல்லாம வளைவுல எப்படித் திரும்புறது?”

எப்படியோ திரும்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் வாயாலேயே ‘பாம் பாம்’ என்று அடித்தார். முதல் வாரம் குழுவில் எரிச்சல்பட்டார்கள். ஒரு மாதத்தில் பினாங்கு பல் டாக்டரும் மலைக்குப் பக்கத்தில் வந்தால் ‘பாம் பாம்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

கண் மட்டும்தான் அவருக்குக் கவலை. டாக்டர் இரண்டு கண்ணும் சரியாகிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். இவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஜீப் தார்ப்பாய் போட்டு நின்றது.

“டாக்டரு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிருவாரு. பின்னாடி பதினாலு பேரை வச்சுக்கிட்டு வளைவுல ஒடிக்கிறவன் நான்ல?” என்பார்.

திரையில் மட்டும் அந்தப் பயம் அவருக்கு இல்லை. எங்கள் போட்டிக்காகப் போடிமெட்டு மலையில் இரண்டு ஓடுபாதை போட்டு வைத்திருந்தேன், திரைக்குள்தான். பொட்டிபுரத்துப் பக்கம் காலி நிலத்தில் ஒன்று, மலை மேலே ஒன்று. கீழிருந்து கிளம்பி, மலை இடுக்கு வழியாக ஏறி, மேலே இறங்கி, மறுபடியும் கீழே வர வேண்டும். அது ஒரு நடை. கிளம்பியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் அதிக நடை அடிப்பவர் வெற்றி. நாங்களெல்லாம் உயரமானியையும் திசைகாட்டியையும் பார்த்து ஓட்டினோம். அவர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ஒரு நாள் மலைச்சரிவில் காற்று ஏன் மேலே தூக்குகிறது என்று நர்ஸம்மா குழுவில் கேட்டார். நான் அழுத்தம், அடர்த்தி, சரிவின் கோணம் என்று மூன்று பத்தி அடித்து அனுப்பினேன். அதற்குள் உள் அறையிலிருந்து குரல் போய்விட்டது.

“அது ஒண்ணுமில்ல தாயி. மூணாவது வளைவுக்கு மேல காத்து வண்டிய ஏந்தி விடும். அங்க ஆக்சிலேட்டரைக் கொறச்சுக்கங்க. எட்டாவது வளைவுல அமுக்கும். அங்க கூட்டிக்கங்க. அம்புட்டுத்தான்.”

நர்ஸம்மா அப்படியே செய்தார். அன்று இரண்டாவதாக வந்தார். என் மூன்று பத்திக்குக் கீழே மில் இன்ஜினியர் எழுதினார்: “ஐயா, இனிமே இந்த மாதிரி சந்தேகத்தை அண்ணன்கிட்டயே கேட்டுக்கிறோம்.”

கூடவே ஒரு கும்பிடும் கை படம் போட்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதன்பிறகு வரிசையாக ஆறு ஞாயிறு சிலமலைக்காரர்தான் முதல். நான்கு தடவை நான் இரண்டாவது. என் வீட்டில், என் நாற்காலியில், என் மனைவி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு அவர் ஜெயித்தார்.

ஒரு பயிற்சியின்போதுதான் அவருடைய வழக்கம் ஒன்று எனக்குப் பிடிபட்டது. மேலேயிருந்து இறங்கி வந்தவர் இடுக்குக்குள் நுழையாமல் ஒதுங்கி ஒரு வட்டம் போட்டார்.

“ஏன் தம்பி, சுத்துறீங்க?”

“கீழ ஒரு வண்டி ஏறி வருதுண்ணே. ஏறுற வண்டிக்கு எறங்குறவன் வழி விடணும்ல?”

மலைப்பாதையில் அதுதான் சட்டம். இறங்குகிறவன் நிறுத்தி மறுபடி கிளம்பிவிடலாம். பாரத்தோடு ஏறுகிறவன் நின்றால் பின்னால் உருளுவான். வானத்தில் அது தேவையில்லை. எதிரெதிரே வந்தால் இருவரும் அவரவர் வலப்பக்கம் ஒதுங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்த இடுக்கில் நான்கு விமானம் ஒன்றாகப் போக இடம் உண்டு. குழுவில் எல்லாருக்கும் இது தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன். “நல்ல பழக்கம், தம்பி” என்றேன். இந்த இடத்தில்தான் என் குற்றம் ஆரம்பித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காப்பி குடிக்கும்போது, ஜீப்பை விலைக்கு வாங்க ஆள் வந்துவிட்டதாக அவர் சொன்னார். பொட்டிபுரத்துக்காரர் ஒருவர் திங்கட்கிழமை காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

“குடுக்கப் போறீங்களா?” என்று கேட்டாள் என் மனைவி.

“அதைத்தான் ஞாயித்துக்கிழமை பாக்கணும், அக்கா. போட்டியில நான் மொதல்ல வந்தா என் கண்ணு சரியா இருக்குன்னு அர்த்தம். வண்டி என்கிட்டயே இருக்கும். இல்லைன்னா குடுத்துட்டு உக்காந்துக்கிற வேண்டியதுதான்.”

“இது என்ன கூத்து? விளையாட்டுல போயி வண்டிய வைக்கிறீங்க?”

“கோயில்ல பூப்போட்டுக் கேக்குறோம்ல, செவப்பா வெள்ளையான்னு? அதே மாதிரிதான். டாக்டரு சொன்னா நம்ப முடியல. சாமி சொல்லட்டும்.”

இதை நான் காதால் கேட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. அவர் சும்மா பேசுகிறார், முப்பது வருட வண்டியை யாராவது கணினி விளையாட்டுக்காகக் கொடுப்பார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை உட்கார்ந்து அறிவிப்பு எழுதினேன். பன்னிரண்டு போட்டியாளர்கள். பதினோரு பேர் கீழ் ஓடுபாதையிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் கிளம்ப வேண்டும். ‘நெரிசலைத் தவிர்க்கும் பொருட்டு’ ஒருவர் மட்டும் மேல் ஓடுபாதையிலிருந்து கிளம்ப வேண்டும். அந்த ஒருவரை ‘திருவுளச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தேன்’ என்று எழுதினேன். சீட்டும் இல்லை, திருவுளமும் இல்லை. என் உள்ளம் மட்டும்தான் இருந்தது. அந்த ஒருவர் சிலமலைக்காரர். வழக்கமாக எல்லாரும் கீழிருந்து ஒன்றாகக் கிளம்பிக் கூட்டமாக ஏறிவிடுவதால் அவருக்கு ஒரு வட்டம் போதும்; இந்த முறை அவர் இறங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஏறிக்கொண்டே இருப்பார். அதற்கு என் இயற்பியல் போதும்.

ஞாயிறு மூன்று மணி. சிலமலைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து விசைப்பலகைக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கிளம்பினார். இடுக்கு வாயிலில் முதல் விமானம் ஏறி வந்தது. அது மில் இன்ஜினியர். இவர் ஒதுங்கி வட்டம் போட்டார். உள்ளே நுழையப் பார்த்தபோது நர்ஸம்மா. மறுபடியும் வட்டம். அடுத்து பல் டாக்டர்.

“வாங்க, வாங்க. நான் நிக்கிறேன்” என்று ஹெட்போனில் ஒவ்வொருவரையும் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தோள் குலுங்கியது. என் முறை வந்து நான் ஏறியபோதும் எனக்கு வழிவிட்டார்.

“அண்ணே, வெரசா வாங்க. பின்னாடி இன்னும் ஆளு நிக்குது” என்றார்.

குழுவில் எழுத்து ஓட ஆரம்பித்தது. அண்ணன் என்ன, கோயிலைச் சுற்றுகிறாரா? அண்ணனுக்கு வழி தெரியவில்லையா? அண்ணே, கண் மறுபடியும் மங்கிவிட்டதா? எழுதியவர்களுக்கு ஜீப் விஷயம் தெரியாது. சிரிப்புப் படங்களாகக் கொட்டின. ஒரு மணி நேரம் முடிந்தபோது அவர் ஒரே ஒரு நடை முடித்திருந்தார். பன்னிரண்டாவது இடம். முதலிடம் எனக்கு. முதலில் வருகிறவரின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்ப் படம் ஒட்டுவது வழக்கம். நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு நானே ஒட்டிக்கொண்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே வந்தார்.

“சரிண்ணே. தெரிஞ்சு போச்சு.”

“என்ன தம்பி?”

“கண்ணு போச்சுன்னு தெரிஞ்சு போச்சு. இவனுக எல்லாரும் உள்ள பூந்து வர்றானுக. எனக்கு மட்டும் எடம் தெரிய மாட்டேங்குதே.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மனைவி என் பின்னால் வந்து நின்றாள்.

“நான் காப்பி கொண்டு போனப்ப பாத்தேன். அந்தத் தம்பி எதுக்கு மேலயே சுத்திக்கிட்டு இருந்தாரு?”

“அது அவரு வழக்கம்.”

“நீங்க எதுக்கு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சீங்க?”

நாற்பத்தைந்து வருடம் கூட இருக்கிறவளிடம் இயற்பியல் செல்லாது. சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

“கொண்டு போயிக் குடுத்துட்டு, செஞ்சதைச் சொல்லிட்டு வாங்க. வண்டி போறதுக்கு முன்னாடி.”

அன்று மாலை போட்டியின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். எல்லாப் போட்டியும் பதிவாகிவிடும், சிலமலைக்காரர் கண்ட காட்சியை அப்படியே திரும்பப் பார்க்கலாம். ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்றுதான் பார்த்தேன். கிடைத்தது வேறு. அவர் ஒதுங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பதிவை நிறுத்தினேன். திரையில் எதிரே ஒன்றும் இல்லை. மூக்கைத் திரையில் வைத்துத் தேடினால் மலையின் பச்சைக்குள் ஓர் எள்ளளவு புள்ளி. அதைப் பார்த்துத்தான் ஒதுங்கியிருக்கிறார். பத்தொன்பது முறை ஒதுங்கினார். பத்தொன்பது முறையும் அங்கே ஒரு புள்ளி இருந்தது. ஏழெட்டை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரில் சிலமலை போனேன். பொட்டிபுரத்துக்காரர் எனக்கு முந்திவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கழுவி, நெற்றியில் சந்தனம் வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

“தம்பி, ஒரு நிமிஷம் தனியா வாங்க” என்றேன்.

“இங்கயே சொல்லுங்கண்ணே. இவரும் நம்ம ஆளுதான்.”

சொன்னேன். எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். வானத்தில் வலப்பக்கம் ஒதுங்கினால் போதும் என்றும், சீட்டுப் போடவில்லை என்றும், வேண்டுமென்றே மேலே நிறுத்தினேன் என்றும், ஜீப் விஷயம் தெரிந்தேதான் செய்தேன் என்றும் சொன்னேன். பொட்டிபுரத்துக்காரர் இடையில் புகுந்தார்.

“யாருங்க இவரு? வெலைய ஏத்தி விட வந்த புரோக்கரா?”

“இரு” என்று அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் திரும்பினார் சிலமலைக்காரர்.

“வலப்பக்கம் ஒதுங்கிப் போயிக்கிட்டே இருக்கலாமா?”

“இருக்கலாம்.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கு மட்டும் சொல்லல.”

“ஆமா.”

அவர் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த கைப்பேசியில் அந்தப் பதிவை எடுத்து வந்திருந்தேன். அவசரமாக அதை நீட்டி, புள்ளிகளைக் காட்டி, பத்தொன்பது கணக்கைச் சொன்னேன். பொட்டிபுரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

“எங்க இருக்கு? எனக்கு மரந்தான் தெரியுது.”

“அந்தா, பாறைக்குக் கீழ. செவப்பு ரெக்கை” என்றார் சிலமலைக்காரர், அவர் தோளுக்குப் பின்னால் நின்று.

பொட்டிபுரத்துக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“யோவ், இந்தக் கண்ணு கெட்டுப் போச்சுன்னா என்னை வரச் சொன்ன? எனக்குத்தான்யா ஆபரேசன் பண்ணணும். பஸ்சு புடிச்சு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

சிலமலைக்காரர் ஜீப்பின் முன்கண்ணாடியைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியோடு வந்தார்.

“ஏறுங்க சார்.”

சார். கண் ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. முன்சீட்டில் ஏறினேன். பொட்டிபுரத்துக்காரரும், வந்ததற்கு ஒரு சவாரியாவது மிஞ்சட்டும் என்று பின்னால் ஏறிக்கொண்டார். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் மலை தொடங்கியது. முதல் இரண்டு வளைவு மெதுவாகப் போனார். மூன்றாவது வளைவுக்கு முன்னால் கேட்டார்.

“சார், எதிர்ல என்ன வருது?”

பார்த்தேன். மேலே மரம், பாறை, வெயில். “ஒண்ணும் வரல.”

“மேல ரெண்டாவது மடிப்புல ஒரு பால் வண்டி. அதுக்குப் பின்னாடி ஒரு பைக்கு. பைக்குல ரெண்டு பேரு.”

இரண்டு நிமிடம் கழித்துப் பால் வண்டி இறங்கி வந்து, எங்களைக் கண்டதும் ஓரங்கட்டி நின்றது. பின்னால் பைக். இரண்டு பேர்.

“பாம் பாம்” என்றார் பின்சீட்டிலிருந்து பொட்டிபுரத்துக்காரர், விஷயம் ஒன்றும் தெரியாமலே. நிஜ ஆரனும் அடித்தது. அதற்குப் பிறகு சிலமலைக்காரர் ஓட்டிய ஓட்டத்தில் நான் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பதினேழு வளைவையும் என்னைத் தண்டிப்பதற்காகவே போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. மேலே போய் நின்றபோது என் முகத்தைப் பார்த்து அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

“இங்க சிக்னல் கெடைக்கும். இப்பக் குழுவுல சொல்லுங்க சார். எழுத வேண்டாம், வாயால சொல்லுங்க. எழுதுனா நீங்க பக்கம் பக்கமா எழுதி எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருவீங்க.”

டீக்கடை வாசலில் நின்று, கடைக்காரரும் இரண்டு லாரிக்காரர்களும் வேடிக்கை பார்க்க, குரல் பதிவில் எல்லாவற்றையும் சொன்னேன். மில் இன்ஜினியர் உடனே சிரிப்புப் படம் போட்டார். அடுத்த நொடி அதை அழித்தார். நர்ஸம்மா இரண்டே வார்த்தை எழுதினார்: “ஐயா, நீங்களா?”

ஏலக்காய்ப் படத்தை நானே எடுத்துவிட்டேன். இப்போது போட்டிகளை நர்ஸம்மா நடத்துகிறார். அவருடைய அறிவிப்பு நாலு வரிதான். எல்லாரும் படிக்கிறார்கள். முதல் வரி, எதிரே வந்தால் வலப்பக்கம் ஒதுங்கவும் என்பது.

ஜீப் ஓடுகிறது. காலையில் தோட்டத்துக்கு, மாலையில் திரும்ப. சிலமலைக்காரர் எப்போதாவது வீட்டுக்கு வருவார். மனைவியிடம் காப்பி வாங்கிக் குடிப்பார், மிளகோ கொய்யாவோ கொடுத்துவிட்டுப் போவார். உள் அறைப் பக்கம் போவதில்லை. போன வாரம் நானே வாயைத் திறந்து கேட்டேன்.

“ஒரு ஞாயிறு வாங்களேன் தம்பி. எல்லாரும் உங்களைக் கேக்குறாங்க.”

“ஞாயித்துக்கிழமை லோடு இருக்கு சார்.”

“எத்தனை பேரு?”

“பதினாலு.” காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “வேணும்னா நீங்க வாங்க. பின்னாடி நின்னுக்கிட்டு வரணும். முன்சீட்டு ஒரு புள்ளத்தாச்சிக்குச் சொல்லியாச்சு.”

போனேன். பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற தோட்டத்து அம்மாள் ஒருத்தி, எந்த எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறீங்க தாத்தா என்று கேட்டாள். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் வருகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் காலூன்ற இடம் கிடைக்கும்படி தன் சாக்குப் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.